இருபத்திரண்டாம் நடைக்கு அப்பால்

பாட்டின் இருபத்திரண்டாம் நடையை முடித்துக் குறுமூச்சை உள்ளே இழுத்தபோது கரண்ட் போய்விட்டது. வெளியே காலை பதினொன்றே முக்கால், வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆனால் கல்லூரியின் இந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்புப் பஞ்சு, விளக்கு அணைந்ததும் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டுப் பார்த்தேன். திறந்திருந்தது. இழுத்த மூச்சு இருபத்து மூன்றாம் நடைக்கானது, அதை விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு வழியே விட்டேன், பாட்டாக இல்லாமல் வெறும் காற்றாக. இங்கே நிறுத்தக் கூடாது. சரியாகச் சொன்னால் எங்கேயுமே நிறுத்தக் கூடாது, ஆனால் இருபத்திரண்டு முடிந்து இருபத்து மூன்று தொடங்காத இடம் எல்லாவற்றிலும் மோசம், அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது, கூட வருகிறவன் வீட்டைத் திரும்பிப் பார்க்கிற இடம் அது, அவன் திரும்புவதற்குள் அடுத்த நடையை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. அவன் திரும்பியிருப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் வெளிச்சம் ஒன்று ஆடியது, கனத்த கதவு திறந்தது, தினகரன் தலையை நீட்டினான். என் அக்கா மகன், எம்.ஏ. படித்தவன், எங்கள் பேச்சுக்கு அகராதி போடுகிறவன், இந்தப் பதிவே அவன் ஏற்பாடு. "மாமா, பயந்துட்டீங்களா? லைன்ல வேலையாம். அரை மணிங்கறாங்க. அவங்க அரை மணி நமக்கு முக்கா மணி." ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு மாமா, டீசல்தான் இல்ல. காலேஜ் ஜெனரேட்டர், அது ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக்கறதோட சரி." அவன் பின்னால் நின்ற ஜெரால்டு சிரித்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த பதிவுக்காரன், நல்ல பையன், காலையிலிருந்து என்னை ஐயா ஐயா என்று நான்கு முறை தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறான். "வெளிய வாங்க ஐயா, டீ சாப்பிடலாம். பாதியில நின்னதுக்குக் கவலப்படாதீங்க, அப்புறம் ஒட்டிக்கலாம்." ஒட்டுவதென்றால் என்னவென்று கேட்டேன். "இதுவரைக்கும் பாடினதையும் இனிமே பாடறதையும் சேத்துர்றது. எந்த இடத்துல ஒட்டுனோம்னு உங்களுக்கே தெரியாது." தெரியும் என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன், அந்த இருட்டில் அது யாருக்குத் தெரிந்திருக்கும். "அவரு எந்திரிக்க மாட்டாரு ஜெரால்டு, எடைத் தட்டு முன்னாடி முப்பத்தெட்டு வருஷம் உக்காந்த மனுசன்," என்றான் தினகரன், "போனை வெச்சுட்டுப் போகட்டா மாமா, வெளிச்சத்துக்கு?" வேண்டாம் என்றேன். கதவு மூடியது. இந்த அறையில் கதவு மூடுவதற்குக்கூடச் சத்தம் இல்லை, காதுக்குள் ஒரு விரல் நுழைவது போல் இருந்தது, அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், என் வலது பக்கம் நான் கொண்டுவந்த கோரைப்பாய், பாய் காலி. காலி என்று அவர்கள் நினைக்கிறார்கள். காலையில் தினகரன் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தான், நான் எடுத்துத் தள்ளி வைத்தேன், "பாய்க்கு வலிக்குமா மாமா" என்று கேட்டான்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் பாடுகிற பாட்டு இது, வேறெதற்கும் பாடுவதில்லை. உடலைப் பாயில் கிடத்தி, இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்து, நாற்பத்தொரு நடை பாடி, இறந்தவரை அடுப்படியிலிருந்து எழுப்பி அந்தக் கரையில் விட்டுவர வேண்டும். ஒவ்வொரு நடையும் வழியில் ஓர் இடம், கடைசியைத் தவிர ஒவ்வொன்றிலும் இறந்தவர் பெயரைச் சொல்லி இங்கே வா என்று கூப்பிட வேண்டும், ஒவ்வொன்றும் அதன் எண்ணைச் சொல்லித்தான் தொடங்கும். அந்த எண்களுக்காகத்தான் தினகரன் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறான். எங்கள் பேச்சில் இப்போது ஐந்து வரைக்கும்தான் எண்ணுகிறோம், ஆறிலிருந்து தமிழ். நான் ஐந்தாவது வரை படித்தவன், தேயிலைத் தோட்டத்தில் இலை நிறுக்கும் வேலை, முப்பத்தெட்டு வருடம் எத்தனை லட்சம் கிலோ எண்ணியிருப்பேன், அத்தனையும் அடுத்தவர் எண்ணில். எங்கள் ஆறும் எங்கள் பதினேழும் எங்கள் நாற்பதும் இந்தப் பாட்டுக்குள் மட்டுமே இருக்கின்றன, பாடாமல் தனியாகச் சொல்லச் சொன்னால் எனக்கே வாயில் வராது, யாராவது செத்தால் ஒருமுறை வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு உள்ளே போய்விடும். பாடத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தோம், மூன்று பேருக்கு நானே பாடிவிட்டேன். "எண்ணே இல்லாத பாஷையைப் பிள்ளைங்க எப்படி மதிக்கும் மாமா," என்று தினகரன் இரண்டு வருடம் வந்து வந்து கேட்டான், எங்கள் ஆட்கள் இருக்கிற ஆறு ஊரிலும் கூட்டம் போட்டுச் சம்மதம் வாங்கினான், பிணமில்லாமல் பாடலாமா என்றவர்களிடம், மெஷினுக்காகப் பாடறதுதானே, மனுசனுக்கு இல்லையே என்றான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் ஒத்துக்கொண்டேன், எனக்கு வேறு காரணம் இருந்தது. பெயர் என்ன வைப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் டேப் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார், அப்போது பாடுகிறவர் மொட்டையன், பெயருக்கு எங்கே போவது என்று யோசித்துத் தன் நாயின் பெயரை வைத்துப் பாடினார், கரியன் என்று. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்பதாம் நடையில் டேப் தீர்ந்துவிட்டது, வெள்ளைக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்பதாம் நடை ஓடைக்கரையில் இருக்கிற துணி துவைக்கும் கல். அன்று சாயங்காலம் கரியன் அந்தக் கல் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கூப்பிட்டால் வாலை ஆட்டும், எழுந்து வராது, கஞ்சி கொண்டுபோய் வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது, பதினொரு நாள் நான் போய்ப் போய்ப் பார்த்தேன், அது மெலியவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, மெலியவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மொட்டையன் கல்லருகே உட்கார்ந்து மிச்ச முப்பத்திரண்டையும் பாடினார், நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மரங்களுக்குள் போனது, பின்னால் போய்ப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே பெயர் என்பது சும்மா இல்லை. நான் மசணன் என்று வைத்தேன். மசணன் என் தம்பி.

திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் போனவன், அந்தக் காய்ச்சல் வருடத்தில் போய்விட்டான், உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அவர்களே எரித்துவிட்டார்கள், நாங்கள் ஒன்பது பேர் வண்டி பிடித்துப் போய்ச் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டுத் திரும்பினோம். அவன் சட்டை ஒன்று மட்டும் ஒரு பையில் வந்தது. பாயில் கிடத்த உடல் இல்லாமல் பாட்டு இல்லை, அது கட்டுப்பாடு, நான் அதை மீறுகிறவன் இல்லை, கூட்டத்தில் எழுந்து எனக்குப் பாட வேண்டும் என்று கேட்கிற வாயும் எனக்கு இல்லை. ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. அவன் போகவில்லை என்பது எண்ணிக்கையில்தான் தெரிந்தது. தோட்டத்தில் ஓய்வு கொடுத்த பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் பறிக்கிற இலையை நான்தான் நிறுக்கிறேன், சாயங்காலம் பாதை வளைவில் அவர்கள் மூட்டையோடு வரும்போதே தலைகளை எண்ணி வைத்துக்கொள்வது பழக்கம். பதினைந்து வரும். தட்டுக்கு முன்னால் வந்து நின்றால் பதினான்கு. முதல் மாதம் கண்ணைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடி மாற்றினேன். அடுத்த மாதம் பனியைச் சந்தேகப்பட்டேன், வெயில் நாளிலும் பதினைந்துதான். ஆட்கள் கூடக் குறைய வந்தாலும் வளைவில் ஒன்று கூடும், தட்டில் ஒன்று குறையும். தப்பாக எண்ணுகிறவனுக்கு ஒருநாள் ஒன்று கூடும், ஒருநாள் இரண்டு குறையும், முன்னே பின்னே வரும். எனக்கு ஐந்து வருடமும் ஒன்றுதான் கூடியது, ஒருநாளும் இரண்டு இல்லை. அப்படியானால் அது தப்பு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. வளைவில் கடைசியாக வருகிற தலை எது என்று உற்றுப் பார்க்கவும் இல்லை, எண்ணினேன், அவ்வளவுதான், எண்ணும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தினகரன் மெஷின் மெஷின் என்று ஊரைச் சம்மதிக்க வைத்தபோது எனக்குள் ஒரு திருட்டுத்தனம் புகுந்தது, அவர்களுக்கு மெஷினுக்காகப் பாடுகிறேன், எனக்கு அவனுக்காகப் பாடுகிறேன், ஒரே பாட்டு, யாருக்கும் நஷ்டமில்லை. சட்டையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தேன். முதல் நடையில் மசணா என்று கூப்பிட்டபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினகரன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், செத்துப்போன மாமன் பெயரை ஒரு ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாய் ஒருமுறை அழுந்தியது. கோரைப்பாய் அழுந்தினால் ஒரு சத்தம் வரும், கோணிமூட்டை தட்டில் உட்காரும் சத்தத்தை வைத்தே கிலோவைச் சொல்லிவிடுகிற ஆள் நான், ஐம்பத்திரண்டு. தோட்டத்தில் முன்பு ஒருநாள் மசணன் இலைத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு "அண்ணா, என்னை நிறு" என்றான், "இறங்குடா, தட்டு ஒடைஞ்சா உன் மாமனாரா வாங்கித் தருவாரு" என்றேன், "கோணிக்கு ரெண்டு கிலோ கழிப்பியே, எனக்கும் கழிச்சுக்கோ, சட்டை அழுக்கு" என்றான். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. கழித்து ஐம்பது என்று சத்தமாகச் சொன்னேன், வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

இப்போது அவன் பிரிகிற பாதையில் நிற்கிறான். எவ்வளவு நேரம் ஆயிற்று, என் மூச்சை எண்ணினால் தெரியும், நிமிடத்துக்குப் பதினாறு, எண்ணத் தொடங்கினேன், முப்பது வரை வந்ததும் இன்னொரு மூச்சும் இருப்பது தெரிந்தது. என் மூச்சுக்கு நடுவில் விழுந்தது, என்னுடையதைவிடக் கொஞ்சம் மெதுவாக. இந்த அறையில் எந்தச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பாது என்று ஜெரால்டு காலையில் பெருமையாகச் சொன்னான், கை தட்டிக் காட்டினான், தட்டல் அங்கேயே விழுந்து செத்துப்போனது. அப்படியானால் அது என் மூச்சின் எதிரொலி இல்லை. நான் மூச்சைப் பிடித்தேன். அது நிற்கவில்லை. பிடித்துக்கொண்டே யோசித்தேன், நான் இப்போது இருபத்து மூன்றை எடுத்தால் மெஷின் இல்லை, அந்த எண்கள் போகும், இருபத்து மூன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை பத்தொன்பது எண்கள், கேட்கும் ஆனால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு ஒரு சொல், முதுகுப் பக்கம் விழுகிற வெயிலுக்கு ஒரு சொல், இன்னும் எத்தனையோ, தினகரன் பதிவைக் கேட்டு எழுத நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறான். எடுக்காவிட்டால் இவன் நிற்பான். முக்கால் மணி நேரம் நிற்கட்டுமே, ஐந்து வருடம் நின்றவன்தானே என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு என்னுடையது மாதிரியே இல்லை, யாரோ வெளியிலிருந்து உள்ளே வைத்தது போல் குளிர்ந்து இருந்தது. அப்போது பாய் நகர்ந்தது. நகர்ந்தது என்றால், எழுந்து போகிறவன் முதலில் ஒரு கையை ஊன்றுவானே, அந்த ஓரத்தில் அழுந்தியது, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி. அவன் வீட்டுப் பக்கம் திரும்புகிறான். திரும்பினால் மறுபடி வளைவுதான், மறுபடி பதினைந்துதான், நான் செத்த பிறகு எண்ணக்கூட ஆள் இருக்காது. எடுத்துவிட்டேன். இருபத்து மூன்று என்று எங்கள் சொல்லில் சொல்லி, மசணா இந்தப் பக்கம் வா, இடது பக்கம் பள்ளம், என் தோளைப் பிடித்துக்கொள் என்று பாடினேன். குரல் வாயை விட்டு வெளியே வந்த உடனே பஞ்சு தின்றுவிட்டது, பாடுகிறேனா நினைக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை, உதட்டில் விரல் வைத்துப் பார்த்தேன், அசைந்தது. இருபத்து நான்கு, மூங்கில். இருபத்தைந்து, யானை தூங்கிய இடம், சத்தம் போடாமல் வா. தோளில் எடை இருந்தது. ஒரு கையின் எடை என்ன, நான் நிறுத்ததில்லை, மூன்று கிலோ இருக்கும். இருபத்தெட்டில் அவன் நின்றான், நானும் நின்றேன், அங்கே பாட்டிலேயே நிற்க இடம் இருக்கிறது, செருப்பில் ஒட்டிய வீட்டு மண்ணைத் தட்டிவிடச் சொல்கிற இடம், தட்டுகிற சத்தம் கேட்டது, இரண்டு முறை. முப்பத்தேழில் அந்தத் தண்ணீர் கேட்கத் தொடங்கியது. பாடுகிறவனுக்கு எப்போதும் கேட்கும் என்று சொல்வார்கள், இதுவரை நான் பாடியபோதெல்லாம் எனக்குக் கேட்டதில்லை, இன்று கேட்டது, தரைக்கு அடியில், தள்ளி, யாரோ ஒரு பெரிய பாத்திரத்தைத் தாழ்வாகச் சாய்ப்பது போல். நாற்பதில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கடைசி. நாற்பத்தொன்றில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், எண்ணைச் சொல்லிவிட்டுத் தோளைத் தளர்த்த வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. சொன்னேன். தோளை விட்டேன். எடை இறங்கியது. பாயில் அழுந்தியிருந்த கோரை ஒவ்வொன்றாக நிமிர்கிற சத்தம் கேட்டது, மெதுவாக, ஒரு நெடிய ஆள் எழுந்து போன பிறகு நிமிர்வது போல், பிறகு என் மூச்சு மட்டும். எண்ணினேன். ஒன்றுதான். ஐந்து வருடத்துக்குப் பிறகு எண்ணிக்கை சரியாக இருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வந்தபோது கண் கூசியது. சுவரில் இருந்த பெட்டியிலிருந்து ஜெரால்டு பேசினான், "ஐயா, ரெடிங்களா? இருபத்து மூணுலேர்ந்து போலாம். அதே பேரு, அதே சுதி, மாத்திராதீங்க." அதே பேரு. அக்கரையில் இப்போதுதான் கால் வைத்தவனை மறுபடி கையைப் பிடித்து இழுத்துப் பிரிகிற பாதையில் நிறுத்து என்கிறான், நல்ல பையன், தண்ணீர் குடிக்கச் சொல்கிற குரலிலேயே சொல்கிறான். பாட முடியாது என்றேன். தினகரன் உள்ளே வந்தான். "என்ன மாமா, தொண்ட கட்டிக்கிச்சா?" "முடிச்சுட்டேன்." "எதை?" "பாட்டை. இருட்டுல." சிரிக்கத் தொடங்கினான், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான், பாயைப் பார்த்தான், பாய்க்கு வெளியே சட்டையின் கை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. "மசணன் மாமனோடதா?" ஆமாம் என்றேன். குந்தி உட்கார்ந்தான், சட்டையைத் தொடவில்லை. "நான் சும்மா பேருக்குப் பேரு வெச்சீங்கன்னு நெனச்சுட்டேன்." அப்புறம், கோபமாக இல்லை, கணக்குச் சொல்கிறவன் மாதிரி, "நம்ம பாஷை இப்ப இருபத்திரண்டோட நிக்குது மாமா," என்றான். அதுவும் நிற்காது, அந்த இருபத்திரண்டையும் அழிக்க வேண்டும் என்றேன். அவன் பேர் அதில் இருக்கிறது, போடும்போதெல்லாம் அவனை அடுப்படியிலிருந்து எழுப்பும். ஜெரால்டு ஓடி வந்தான், "அழிச்சா திரும்ப வராதுங்க ஐயா." "அதுக்குத்தான்." அவன் தினகரனைப் பார்த்தான், தினகரன் தலையசைத்தான், நான் எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன், திரையில் பல் பல்லாக இருந்த கோடு காணாமல் போனது. வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். "குப்பைன்னு ஒண்ணு இருக்குங்க, அதுல கெடக்கும்." அதையும் காலி செய்யச் சொன்னேன், செய்தான், காலியாகத்தான் இருக்கிறதா என்று இரண்டாம் முறை திறந்து காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினான். இப்போது எங்கள் பாஷை மறுபடி ஐந்தில் நின்றது. "பேரே இல்லாமப் பாடினா?" என்றான் தினகரன். பாட்டைக் கேட்கிறவன் எவனோ அவன் எழுந்து போவான் என்றேன். "அப்ப என் பேரை வெச்சுக்கோங்க. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது, என்னை ஒண்ணும் பண்ணாது." வாயை மூடுடா என்று கத்திவிட்டேன், நான் கத்தி அவன் கேட்டதில்லை, அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சின்னது போன வாரம் எடைக்கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் நின்று எண்ணியது, எங்கள் பேச்சில் ஐந்து வரை எண்ணிவிட்டு, அப்புறம் என்ன தாத்தா என்று கேட்டது. அப்புறம் என்ன என்பதைச் செத்தவர்களுக்கு மட்டும் சொல்கிற ஆளாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"என் பேரை வைக்கறேன்," என்றேன். கோணன் என்று இப்போது யாரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, ஆறு ஊரில் நான் ஒருவன்தான், வேறு யாரும் தவறி எழுந்து வர மாட்டார்கள், சம்மதம் கேட்கவும் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டாம். "மாமா," என்றான். "எழுபத்தொண்ணு ஆச்சுடா. எப்படியும் போற வழி, முன்கூட்டிப் பாத்து வெச்சுக்கறேன்." "நடுவுல நிக்காம முழுசாப் பாடிட்டா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டான் நம்பிக்கை இல்லாதவன். தெரியாது, உயிரோடிருக்கிறவன் தன்னையே கூட்டிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் ஆகாது என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் போட்டுக் காட்டுவாய் என்று கேட்டேன், காலையிலேயே கேட்டிருக்க வேண்டியது. "மூணு மூணாத்தான் மாமா. ஜூன்ல ஒண்ணு ரெண்டு மூணு, அதுல வர்ற சொல்லு, ஜூலைல அடுத்த மூணு." முழுதாகப் போடு என்றேன். "முப்பத்தஞ்சு நிமிஷம், மூணாங்கிளாஸ் பிள்ளைங்க உக்காராது." வருஷக் கடைசியிலாவது ஒரு தடவை முழுதாக என்றேன், அவன் சரி மாமா, போடறேன் என்றான், நிஜமாகத்தான் சொன்னான், ஆனால் பாடம் நடத்தப் போவது அவன் இல்லை, ஆறு ஊரில் ஆறு வாத்தியார்கள், மழை லீவு, மண் சரிவு, பரீட்சை. உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, சட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் பத்து மாதம். மூன்று மூன்றாகப் பத்து மாதத்துக்கு முப்பதுதான் வரும், பதினொன்று மிச்சம். ஆகவே ஏப்ரல் மே இரண்டு மாதமும் நான் முப்பதாம் நடையில் நிற்க வேண்டியிருக்கும், அது பாறை இடுக்கு, ஒருக்களித்துத்தான் நிற்க முடியும், ஈரம். பிறகு ஜூன் மாதம் முதலிலிருந்து கூப்பிடுவார்கள், மறுபடி ஒன்று இரண்டு மூன்று. மூன்றாம் நடையில் ஒரு நாவல் மரம் இருக்கிறது, நிழல் உண்டு, ஜூனில் பழம் விழத் தொடங்கியிருக்கும், அங்கே ஒரு மாதம் நிற்கலாம், கஷ்டமில்லை. முப்பதுக்கு மேல் எப்போதாவது ஒரு வருடம் யாராவது ஒரு வாத்தியார் போடுவார். போடாவிட்டால் போகட்டும். முப்பது வரைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளைகள் ஆறு ஊரிலும் இருக்கும். "ஐயா, போலாமா?" என்றது பெட்டி. போலாம் என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினகரன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் என்னையே பார்த்தான். ஒன்று என்று எங்கள் சொல்லில் எடுத்து, கோணா, அடுப்பை விட்டு எழுந்து வா என்று பாடினேன். என் பெயரை இவ்வளவு பிரியமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உட்கார்ந்திருந்தவன் உட்கார்ந்து பாடிக்கொண்டுதான் இருந்தான். நான் எழுந்துவிட்டேன்.